பதினைந்து நிமிடத்தில் நீராவி என்ஜின் கிளம்புமா?

எழுதிப்பார்ப்பவன்:

சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் நீராவி என்ஜினில் ஃபயர்மேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு லோகோ ஷெட்டுக்கு ஓடிவருகிறான். குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் ஏறி நெருப்பு மூட்டுகிறான், கரியை அள்ளி அள்ளிப் போடுகிறான். ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிடுகிறது. புகைபோக்கியில் கரும்புகை திரள, வியர்வை வழியும் தோள்களோடு அவன் நிற்பதுதான் முதல் காட்சி.

படித்துப் பார்த்த நண்பர் "இப்படியெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எது நடக்காது என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம். நீராவி என்ஜினை நான் அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு ஃபயர்மேனின் நாள் எப்படித் தொடங்கும், கரி அள்ளுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன வேலை என்று சொல்ல முடியுமா?

சும்மாவந்தவன்:

கதைதானே, விடுங்கள். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கரும்புகை நன்றாக இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பழைய ஃபயர்மேன்:

தம்பி, முதலில் அந்தக் கரும்புகையை எடுத்துவிடுங்கள். கரும்புகை என்பது எரியாமல் வீணாக வெளியே போகிற கரி. நான் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராக ஓய்வு பெற்றவன். எனக்கு வாய்த்த முதல் டிரைவர் புகைபோக்கியை ஒருமுறை பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வாய் திறக்கமாட்டார். அன்று முழுவதும் எனக்குக் காது சுடும்.

அடுத்தது அந்தப் பதினைந்து நிமிடம். குளிர்ந்த பாய்லரில் நீராவி ஏற ஆறு மணி நேரமாவது வேண்டும். பெரிய என்ஜின் என்றால் இன்னும் கூடும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் தகட்டில் சூடேறிய பகுதி விரியும், குளிர்ந்த பகுதி விரியாது. அந்த இழுபறியில் குழாய் முனைகள் கசியத் தொடங்கும். இதற்கென்றே ஷெட்டில் இரவெல்லாம் ஆட்கள் இருப்பார்கள். எண்ணெய்த் துணியும் விறகும் போட்டு மூட்டுவார்கள், அல்லது பக்கத்து என்ஜினிலிருந்து நாலு ஷவல் தணலை வாங்கிப் போடுவார்கள். ஆகவே உங்கள் நாயகன் ஏறும்போது பாய்லர் ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கும். ஆறு மணி வண்டிக்கு அவன் ஐந்து மணிக்கு முன்பே ஷெட்டில் இருக்க வேண்டும். அதற்கும் வெகு முன்னதாகவே கால் பாய், அதாவது வேலைக்கு எழுப்பிவிட ஷெட் அனுப்புகிற பையன், வந்து அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். அவன் ஓடிவருகிற காட்சி வேண்டாம். ஓடிவருகிற ஃபயர்மேனோடு ஏற எந்த டிரைவரும் சம்மதிக்கமாட்டார்.

ஏறியதும் அவன் பார்ப்பது நெருப்பை அல்ல, தண்ணீரை. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். கேஜ் கிளாஸ் என்போம். இதில் ஒரு தந்திரம் உண்டு. முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் உயிர் தப்பும், மற்றதில் போகும். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகட்டில் சாய்வாகக் கறுப்புவெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும், இல்லாத இடத்தில் உள்ளபடியே தெரியும். மங்கிய கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்க்கிற முகம்தான் உங்கள் முதல் காட்சி. அதோடு விடக் கூடாது. கண்ணாடியின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் அடைத்து, வடிகுழாயைத் திறந்து காலிசெய்து, பிறகு வடிகுழாயை அடைத்து மற்ற இரண்டையும் திறக்க வேண்டும். தண்ணீர் துள்ளி ஏற வேண்டும். சோம்பலாக ஏறினால் வழியில் அழுக்கு அடைத்திருக்கிறது, அந்தக் கண்ணாடி பொய் சொல்கிறது என்று பொருள்.

தண்ணீருக்கு ஏன் இத்தனை பாடு? நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அழுத்தத்தில் அந்தத் தண்ணீர் 200 டிகிரிக்கு அருகே கொதித்தாலும் தகட்டுக்கு அதுதான் குளிர்ச்சி. தண்ணீர் விலகினால் தகடு பழுத்து இளகிவிடும், பாய்லர் வெடிக்கும். எச்சரிக்கைக்காக அந்தக் கூரையில் ஈயம் ஊற்றிய பிளக் ஒன்றைத் திருகியிருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகினால் நீராவி நெருப்புக்குள் சீறும். பிளக்கை உருகவிட்ட ஃபயர்மேன் என்ற பெயர் வந்துவிட்டால், ஷெட் மாறிப் போனாலும் அது அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்கு அந்தப் பெயர் வரவிருந்தது, மயிரிழையில் தப்பினேன். ஏற்றத்தில் போகும்போது என்ஜினின் முன்பக்கம் தூக்கியிருக்கும், தண்ணீர் பின்னால் நம் பக்கம் சாயும், கண்ணாடி தாராளமாகக் காட்டும். புதிதாக ஏறியவன் அதை நம்பிவிட்டேன். உச்சியைத் தாண்டி வண்டி இறக்கத்தில் இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்னே ஓடிற்று. கண்ணாடியில் இருந்தது கண்ணெதிரே இறங்கி மறைந்தது. பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிற இன்ஜெக்டரைத் திறந்தேன், பிடிக்கவில்லை. சூடேறிவிட்டால் இன்ஜெக்டர் தண்ணீரை இழுக்காது, நீராவியைத்தான் துப்பும். அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. டிரைவர் வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து இன்ஜெக்டரின் மேலே ஊற்றினார், மறுபடி திறந்தார். 'கிர்ர்' என்று அது பாடத் தொடங்கிய சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயால் செய்துகாட்ட முடியும். அவர் வாளியை நிரப்பிப் பழைய இடத்தில் வைத்தார். அன்றும் வாய் திறக்கவில்லை.

கரி அள்ளுவதற்கு வருகிறேன். "அள்ளி அள்ளி" போடக் கூடாது. கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். புதுக் கரி விழுந்தவுடன் நெருப்பு முதலில் குளிரும், அது பிடித்து எரியச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே இந்த ஏற்றத்துக்கான கரி ஏற்றம் கண்ணில் படுவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பாதை மனப்பாடமாக இல்லாதவன் ஃபயர்மேன் ஆக முடியாது. எங்கே போடுவது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நெருப்பு வெள்ளையாகக் கண்ணைக் கூசும், வெறுங்கண்ணால் ஒன்றும் தெரியாது. காலி ஷவலைக் கவிழ்த்துக் கதவுக்குள் நீட்டினால், உள்ளே பாய்கிற காற்று அதில் பட்டுத் திரும்பி நெருப்பின் மேல் இறங்கும். அந்தக் காற்றுப் படுகிற இடத்தில் ஜுவாலை விலகும், பள்ளம் தெரியும். அடுத்த ஷவல் அங்கே போக வேண்டும். இதற்குத் தோள் வலிமையைவிடக் கண்தான் வேண்டும். எங்கள் ஷெட்டில் சிறந்த ஃபயர்மேன் ஒல்லியான ஆள்.

1938 ஜூலை 3 அன்று இங்கிலாந்தில் மல்லார்ட் என்ற என்ஜின் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவியில் இன்றுவரை அதுதான் சாதனை. டிரைவர் ஜோ டட்டிங்டன் பெயரைச் சொல்வார்கள். அந்த நீராவியை உண்டாக்கிக் கொடுத்த ஃபயர்மேன் தாமஸ் பிரே பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? உங்கள் கதைக்கு நாயகன் ஃபயர்மேன் என்று படித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

வாஷ்அவுட் ஆள்:

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் வண்டி வந்து நின்ற பிறகு நடப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஓடுகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான், இறங்கியதும் ஷெட்டை மறந்துவிடுவார்கள்!

என்ஜின் சாம்பல் குழிமேல் வந்து நிற்கும். நெருப்பைக் கிளறி, நெருப்புக்கு அடியில் இருக்கும் கம்பிகளில் கண்ணாடிபோல் உருகி ஒட்டியிருக்கும் சாம்பல் கட்டியை, கிளிங்கரை, நீளக் கம்பியால் பெயர்த்து எடுக்க வேண்டும். குழிக்குள் இறங்கிச் சாம்பலை இழுக்கிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் அன்றைய நல்லநேரம் கெட்டநேரம். முன்பக்கம் புகைப்பெட்டியைத் திறந்து முழங்கால் உயரத்துக்கு இருக்கும் தூளை அள்ள வேண்டும். மூடும்போது கதவு இறுக்கமாக இல்லாவிட்டால் அங்கே காற்று புகுந்து என்ஜின் நீராவியே பிடிக்காது. பழி மறுநாள் ஃபயர்மேன் தலையில் விழும்.

நான் வாஷ்அவுட்டில் இருந்தேன். தண்ணீரில் இருக்கிற உப்பும் சேறும் பாய்லரில் படிந்துகொண்டே இருக்கும். குறித்த நாளில் பாய்லரை மெல்ல ஆறவிட்டு, கழுவும் துளைகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, குழாயால் பீய்ச்சி, கம்பியால் குத்தி வெளியே எடுப்போம். சூடான பாய்லரில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினால் விரிசல்தான். ஆறுவதற்காகக் காத்திருக்கிற நேரத்தைத்தான் மேலே இருப்பவர்கள் சோம்பேறித்தனம் என்று எழுதிவைப்பார்கள்.

கிளீனர்களையும் கதையில் சேருங்கள். அவர்கள் பளபளப்புக்காக மட்டும் துடைக்கவில்லை. துடைத்த இரும்பில் மயிர்க்கோடாக எண்ணெய் கசிந்து நின்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது. முதலில் பார்க்கிறவன் துடைக்கிற பையன்தான்.

எழுதிப்பார்ப்பவன்:

இருவருக்கும் நன்றி. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கறுப்புவெள்ளைக் கோடுகளிலிருந்து தொடங்குகிறேன். ஐயா, ஒன்று மட்டும் கேட்கிறேன். கதை நடுவில் ஒரு சுரங்கப்பாதை வருகிறது. அங்கே ஃபயர்மேனுக்கு ஏதாவது ஆக வேண்டும், ஆனால் சாகக் கூடாது. என்ன ஆகலாம்?

பழைய ஃபயர்மேன்:

வாஷ்அவுட்காரர் என்னைச் சரியாகத்தான் குத்தியிருக்கிறார். வாங்கிக்கொள்கிறேன்.

சுரங்கத்துக்கு வருவோம். சிலிண்டரிலிருந்து புகைபோக்கி வழியாக வெளியேறுகிற நீராவிதான் நெருப்பை முன்னே இழுக்கிறது. சிலிண்டருக்கு நீராவியை விடுகிற ரெகுலேட்டரை டிரைவர் மூடினால் அந்த இழுப்பு சட்டென்று நின்றுவிடும். வெட்டவெளியில் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுரங்கத்துக்குள் புகைபோக்கியின் வாயில் காற்று அமுக்கும்போது, நெருப்பு வந்த வழியே திரும்பிக் கதவு வழியாக நம்மேல் பாயும். அதனால் ரெகுலேட்டரை மூடுமுன் ஃபயர்மேன் புளோயரைத் திறக்க வேண்டும், நெருப்புக் கதவைச் சாத்த வேண்டும். புளோயர் தனியாக ஒரு நீராவித் தாரையைப் புகைபோக்கிக்குள் விட்டு இழுப்பை நிறுத்தாமல் வைத்திருக்கும்.

உங்கள் ஆள் கதவைச் சாத்த மறக்கட்டும். ஒரு நொடிதான், ஜுவாலை நாக்கை நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் பிழைப்பான். என் இடப்புருவம் அப்படித்தான் போயிற்று. திரும்ப முளைத்தது, பாதிதான். வலப்புருவத்தையே எழுதிக்கொள்ளுங்கள், கதை வேறு ஆளுடையதாக இருக்கட்டும்.