எச்.ஓ. (1:87) மாடல் ரயில் லேஅவுட்டில் பழைய இரும்பு, குப்பை ரயில்கள்: லோடு எப்படிச் செய்வது?

பாயின்ட்ஸ்மேன்87:
வணக்கம். 1:87 அளவில் அமெரிக்க லேஅவுட், காலம் 2010-ஐ ஒட்டி. ஒரு கோடியில் காயலான் கடை சைடிங் (கிளைத்தடம்), மறு கோடியில் மின்வில் உலை (மின்சாரத்தால் பழைய இரும்பை உருக்கும் உலை) வைத்த சின்ன எஃகு ஆலை. 52 அடி 6 அங்குல கொண்டோலா (மேல் திறந்த சரக்கு வேகன்) ஆறு இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் இரும்புத் தூளையும் ஒட்டி லோடு செய்யலாமா? எவ்வளவு உயரம் நிரப்ப வேண்டும்? பக்கத்து லைனில் ஒரு நகரக் குப்பை ரயிலும் ஓட்ட ஆசை. குப்பையை எப்படிக் காட்டுவது?

யார்டு லீட்:
கம்பி நாரும் இரும்புத் தூளும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு ஃபெவிகால் ஊற்றினாலும் ஓட்டத்தில் இழை உதிரும். உதிர்ந்த இழையை இன்ஜின் மோட்டாரின் காந்தமும் சவுண்ட் ஸ்பீக்கரின் காந்தமும் இழுத்துக்கொள்ளும். பாயின்டில் (தடம் பிரியும் இடத்தில்) இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால் ஷார்ட்.

அலுமினியத் தாள், காகிதம், 0.13 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக் தாள்), பிளாஸ்டிக் கிட்டில் மிஞ்சும் சட்டத் துண்டுகள் போதும். துண்டின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். அமெரிக்க ஸ்கிராப் வியாபாரத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் அளவு உண்டு. ‘நம்பர் 1 ஹெவி மெல்ட்’ எனப்படும் கனத்த இரும்பு என்றால் துண்டு 60 × 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் அளவில் 17.5 × 7 மி.மீ. ‘புஷெலிங்’ எனப்படும் தகட்டு வெட்டு 12 அங்குலத்துக்குள், அதாவது 3.5 மி.மீ. ஷ்ரெட்டரில் அரைத்தது கைப்பிடி அளவுதான், நமக்கு 1 முதல் 2 மி.மீ. முழு கார், முழு டிராக்டர் எல்லாம் கொண்டோலாவில் கிடந்தால் பொம்மை மாதிரி தெரியும். ஒரு கொண்டோலாவில் ஒரே ரகம் போடுங்கள். ஆலை ரகம் பிரித்துத்தான் வாங்கும்.

டன் கணக்கு:
உயரத்துக்கு விடை அடர்த்தியில் இருக்கிறது. அரைத்த ஸ்கிராப் கன அடிக்கு 50 முதல் 70 பவுண்டு. நாலரை அடி உயரப் பக்கம் உள்ள கொண்டோலாவில் சுமார் 2,240 கன அடி கொள்ளும். 70 பவுண்டு என்றால் ஏறக்குறைய 78 அமெரிக்க டன் (ஒரு டன் 2,000 பவுண்டு). 286,000 பவுண்டு மொத்த எடை தாங்கும் வேகனுக்கு அது வரம்புக்குள்தான். ஆகவே விளிம்பு வரை நிரப்பி நடுவில் லேசாக மேடு விடலாம். வெட்டிய தண்டவாளம், சக்கரம், அச்சு போன்றவை அப்படியல்ல. பாதி உயரத்திலேயே எடை நிறைந்துவிடும்.

பேல் கட்டு (அழுத்திக் கட்டிய ஸ்கிராப்) வேண்டுமானால், உள் அகலம் 7 மி.மீ. உள்ள பித்தளை ‘யு’ சானலில் கசக்கிய அலுமினியத் தாளைத் திணித்து மரக்குச்சியால் அழுத்தி, 17 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நிஜத்தில் அது 2 × 2 × 5 அடிக் கட்டு.

லோடு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். 1 மி.மீ. ஸ்டைரீன் அடித்தட்டை உள் அளவைவிடச் சுற்றிலும் அரை மி.மீ. குறைத்து வெட்டி, மேலே நுரைத்தட்டு, அதன் மேல் ஸ்கிராப். மேட்டின் உச்சியில், மேல் அடுக்குக்கு அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டைப் புதைத்துவிட்டால் காந்தக் குச்சியால் தூக்கிவிடலாம். வேகன் எடையை லோடில் வைக்காதீர்கள். என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்கு 1 அவுன்ஸ், கூடவே வேகன் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். இந்த வேகனுக்கு 130 முதல் 135 கிராம். அது தரைக்கு அடியில், நடுச் சட்டத்தின் இரு பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலி வேகன் தள்ளும்போது வளைவில் தடம் புரளும்.

பாயின்ட்ஸ்மேன்87:
மிக்க நன்றி. லோடை எடுத்தால் உள்ளே பளபளவென்று புதுசாக இருக்கிறதே, அதற்கு?

யார்டு லீட்:
உள்ளே பெயின்டே இல்லாதது போலத் தெரிய வேண்டும். கருஞ்செம்பழுப்பு அடித்து, காய்ந்தபின் ஸ்பாஞ்சால் இளந்துரு நிறத்தை அங்கங்கே ஒற்றுங்கள். தரையிலும் பக்கங்களின் கீழ்ப் பாதியிலும் பென்சில் கரியைத் தேய்த்தால் உரசிய இரும்பின் மங்கல் வரும். கிரேன் காந்தமும் கிராப்பும் உள்ளிருந்து இடிப்பதால், செங்குத்துத் தாங்கிகளுக்கு நடுவே உள்ள தகடு *வெளிப்பக்கம்* புடைக்கும். தாங்கி பெரும்பாலும் நேராகவே நிற்கும். உட்பக்கத்தை முதலில் சுரண்டி மெலிதாக்கி, சூடேற்றிய உருண்டை முனைக் கம்பியால் உள்ளிருந்து மெல்ல அழுத்துங்கள். ஸ்டைரீன் 100 டிகிரி அருகில் இளகும். அதிகச் சூட்டில் ஓட்டை விழும். முதலில் கழிவுத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் தகட்டையும் ஒரே மாதிரி புடைக்க வைத்தால் அழகே போய்விடும்.

கன்டெய்னர் பிளாட்:
குப்பை ரயிலில் குப்பையே தெரியாது. வீட்டுக் குப்பை மூடி முத்திரையிட்ட கன்டெய்னரில்தான் போகும். நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைமேடு 2001-இல் மூடப்பட்ட பிறகு, 2007-இல் ஸ்டேட்டன் தீவின் சரக்கு ரயில் பாதை திரும்ப உயிர்பெற்றது. அங்கிருந்து கன்டெய்னர்கள் தென் கரோலினா வரை போகின்றன. சியாட்டில் 1991 முதல் ஓரிகனின் ஆர்லிங்டனுக்கு அனுப்புகிறது. லேஅவுட்டுக்கு இது பெரிய வசதி: போகும்போது நிறை, வரும்போது காலி, இரண்டும் ஒரே தோற்றம். லோடு மாற்றும் வேலையே இல்லை. 89 அடி பிளாட் (கன்டெய்னர் ஏற்றும் தட்டை வேகன்) நமக்கு 311 மி.மீ.; 20 அடிக் கன்டெய்னர் 70 மி.மீ., நான்கு தாராளமாக உட்காரும். அத்தனை நீள வேகனுக்கு 18 அங்குல ஆரம் உள்ள வளைவு ஆகாது. 30-க்கு மேல் வைத்தால் நிம்மதி.

திறந்து தெரிய வேண்டுமென்றால் கட்டட இடிபாடு. உயரப் பக்கக் கொண்டோலாவில் மரச்சீவல், சுண்ணாம்பு உடைசல், கிழிந்த அட்டை, மேலே வலை. துரு நிறம் வேண்டாம், வெளிறிய சாம்பல்தான். வலைக்குக் கொசுவலை எடுக்காதீர்கள், 1.2 மி.மீ. கண் நிஜத்தில் 10 செ.மீ. ஓட்டை. பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டி, ஓரத்தை நீர்த்த ஃபெவிகாலால் ஒட்டினால் சரியாக வரும்.