வார்டு ஷீட்டில் ஒருவரின் பொட்டாசியம் இன்னொருவர் வரிசையில்: காரணம் பிடிபடவில்லை

மேல்மாடி_வார்டு
24 படுக்கை மெடிக்கல் வார்டு, மூன்று ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்குக் கூகுள் ஷீட். ஏ முதல் எஃப் வரையான நிரல்களில் படுக்கை எண், பெயர், யுஹெச்ஐடி (நோயாளியின் ஆஸ்பத்திரி அடையாள எண்), டாக்டர், நோய், டயட். ஜி-யில் கிரிட்டிக்கல் (உடனே கவனிக்க வேண்டிய ஆபத்தான) லேப் ரிசல்ட், எச்-இல் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது. இரண்டு வாரத்தில் மூன்று முறை, காலை ஹேண்டோவரில் ஜி, எச் இரண்டும் ஆள் மாறியிருந்தன. கடைசியாக, 9-ம் படுக்கையின் பொட்டாசியம் 6.8, 14-க்கு நேராக. அதுவும் அதிகாலை எழுதியவைதான் தப்பு. முந்தின நாள் எழுதியவை எல்லாம் சரி. எடிட் ஹிஸ்டரியில் அந்தச் செல்லிலேயே டைப் செய்ததாக இருக்கிறது. எழுதிய சிஸ்டரோ 9-க்கு நேராகத்தான் போட்டேன் என்கிறார். யாரை நம்புவது?

தாள்_கணக்கன்
இரண்டு பேரையும் நம்பலாம். ஒரு கேள்வி: ஜி, எச் நிரல்கள் பிறகு சேர்த்தவையா? அதிகாலையில் யாராவது டாக்டர் பெயர்வாரியாக வரிசைப்படுத்துகிறார்களா?

மேல்மாடி_வார்டு
ஆமாம், போன மாதம் சேர்த்தோம். ரவுண்ட்ஸ் லிஸ்ட்டுக்காக 5 மணி வாக்கில் டாக்டர்வாரியாகப் போடுவார்கள். ஹேண்டோவருக்கு முன் திரும்பப் படுக்கை வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பிங்க்_சார்ட்
அப்புறம் என்ன, "யாரும் சார்ட் (வரிசைப்படுத்தல்) செய்யக்கூடாது" என்று மானிட்டரில் ஒட்டிவிடுங்கள்.

தாள்_கணக்கன்
ஒட்டலாம், பத்து நாள் தாங்கும். ரவுண்ட்ஸ் லிஸ்ட் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்கு வழி விடாமல் தடை போட்டால் வேறு எங்காவது உடையும்.

நடந்தது இதுதான் சிஸ்டர். வரிசைப்படுத்த ஃபில்டர் போட்டபோது ஆறு நிரல்தான் இருந்திருக்கும், அதனால் அதன் எல்லை ஏ1 முதல் எஃப்25 வரை. பக்கத்தில் புது நிரல் எழுதினால் ஃபில்டர் தானாக நீளாது. டாக்டர்வாரியாக சார்ட் செய்ததும் ஏ–எஃப் நகர்கிறது. ஜி, எச் அசையாமல் நிற்கிறது. 9-ம் படுக்கை அப்போது 15-வது வரிசைக்கு வந்திருக்கும். எழுதிய சிஸ்டர் அதற்கு நேராக ஜி15-இல் 6.8 போட்டார். திரும்பப் படுக்கை வரிசைக்கு வந்ததும் 9 தன் இடத்துக்குப் போய்விட்டது, 15-வது வரிசையில் 14-ம் படுக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய பதிவுகள் தப்பித்ததும் இதனால்தான்.

சோதித்துப் பாருங்கள்: ஷீட்டை ஒரு பிரதி எடுத்து, அதில் சார்ட் செய்து, ஜி-யில் எதையாவது எழுதி, திரும்பச் சார்ட் செய்யுங்கள். ஓடுகிற ஷீட்டில் வேண்டாம்.

சரிசெய்ய: டேட்டா மெனுவில் பழைய ஃபில்டரை நீக்குங்கள். ஏ1 முதல் எச்25 வரை தேர்ந்தெடுத்து "கிரியேட் ஃபில்டர் வியூ" கொடுத்து, "டாக்டர்வாரியாக" என்று பெயர் வையுங்கள். சாதாரண ஃபில்டரில் ஒருவர் சார்ட் செய்தால் எல்லாருக்கும் வரிசை மாறும். வியூவில் பார்ப்பவருக்கு மட்டும் மாறும், எழுதினாலும் சரியான வரிசையில் போய்ச் சேரும். வியூவின் எல்லையிலும் எச் வரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதே கதை. பிறகு ஏ நிரலை "ப்ரொடெக்ட்" செய்தால் பழக்கதோஷத்தில் யாரும் முழு ஷீட்டைச் சார்ட் செய்ய முடியாது. ஆனால் ஷீட்டின் உரிமையாளரை எந்தப் பூட்டும் தடுக்காது. வார்டு பொது லாகின்தான் உரிமையாளர் என்றால் முதலில் அதை இன்சார்ஜ் கணக்குக்கு மாற்றுங்கள்.

ஐசியூ_டூட்டி
ஷீட் சரியாகட்டும், அதைவிட முக்கியமானது ஒன்று. படுக்கை எண் நோயாளியின் அடையாளம் இல்லை. பெயர், யுஹெச்ஐடி இரண்டும் பொருந்திய பிறகுதான் எதையும் செய்ய வேண்டும். ஜி-யில் வெறும் 6.8 என்று எழுதாமல், யுஹெச்ஐடி-யின் கடைசி நான்கு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வரிசை எப்படி மாறினாலும், பக்கத்து எண்ணோடு ஒத்துப்போகாதது கண்ணில் பட்டுவிடும். செலவே இல்லாத காவல்.

இந்த 6.8-ஐ நம்பி 14-க்குப் பொட்டாசியத்தை இறக்கும் இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸ் போயிருந்தால்? சாதாரண பொட்டாசியம் உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கும். அதைவிட மோசம், உண்மையான 9-க்கு ஒன்றும் நடந்திருக்காது. ஷீட்டைப் பார்த்து மருந்து தொடங்கவே கூடாது. லேப் ரிப்போர்ட்டைத் திறந்து பெயர், யுஹெச்ஐடி பாருங்கள், ஈசிஜி எடுங்கள். ரத்தம் ஹீமோலைஸ் ஆகியிருந்தாலோ (சிவப்பணு உடைந்திருந்தாலோ), ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ கலந்திருந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறும். இடிடிஏ என்றால் கூடவே கால்சியம் அசாதாரணமாகக் குறைந்திருக்கும். சந்தேகம் வந்தால் புது சாம்பிள். ஆனால் ஈசிஜி மாறியிருந்தால் ரிப்பீட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

லேப்_மேஜை
லேப் பக்கத்திலிருந்து: கிரிட்டிக்கல் மதிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒன்பது பேர் பார்ப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் கவனிப்பார் என்று விட்டுவிடுவார்கள். போன் செய்வதுதான் முறை. கேட்பவர் எழுதிக்கொண்டு, பெயர், யுஹெச்ஐடி, மதிப்பு மூன்றையும் திருப்பி வாசிக்க வேண்டும். நாங்கள் "சரி" சொன்ன பிறகுதான் போனை வைக்கலாம். நேரத்தை எச் நிரலில் அந்த நொடியே போடுங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தானாக விழும். நேரம் தப்பாக விழுந்தால் ஷீட் செட்டிங்ஸில் டைம் ஸோன் பாருங்கள்.

ஷீட் "லிங்க் உள்ள எவரும்" என்று பகிரப்பட்டிருந்தால் இன்றே மூடுங்கள். பெயரும் நோயும் அதில் இருக்கிறது.

மேல்மாடி_வார்டு
பிரதியில் சோதித்தேன், அப்படியேதான் நடக்கிறது. ஃபில்டர் எஃப்25-இலேயே நின்றிருந்தது. வியூ போட்டாயிற்று, பூட்டும் போட்டாயிற்று, சிஸ்டரிடம் கேட்ட விளக்கத்தையும் திரும்பப் பெற்றாயிற்று. மூன்று நாள் தப்பான பதிவுகளை வெர்ஷன் ஹிஸ்டரியில் ரீஸ்டோர் செய்யலாமா?

தாள்_கணக்கன்
வேண்டாம். ரீஸ்டோர் செய்தால் அதற்குப் பிறகு எழுதியது எல்லாம் ஷீட்டிலிருந்து போய்விடும். தப்பான பதிவுகளை லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துங்கள்; எச்-இல் "திருத்தம்" என்று குறித்துவையுங்கள்.

மேல்மாடி_வார்டு
சரி சார். ஏ பூட்டியிருக்கும்போது இரவில் ஒருவரை 9-லிருந்து 3-க்கு மாற்றினால்?

தாள்_கணக்கன்
படுக்கை எண் அசைய வேண்டாம், ஆள்தான் நகர வேண்டும். 3 காலியா என்று பார்த்துவிட்டு, 9-க்கு நேரே பி முதல் எச் வரை கட் செய்து 3-க்கு நேரே பேஸ்ட். எஃப்-ஓடு நிறுத்தினால் பொட்டாசியம் மறுபடி 9-லேயே தங்கிவிடும்.