இழப்பை மறைக்காத மாயக் கதைகள் வேண்டும்

நண்பர்களே, ஒரு உதவி. தாத்தாவை இழந்த அக்கா மகளுக்கு (வயது 13) டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மாயக் கதையைப் படித்துக் காட்டினேன். தீய மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோ வழியில் விழுந்து கிடக்க, மோதிரத்தைச் சுமக்க முடியாத நண்பன் சாம் அவனையே முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறுகிற இடத்தில், “இன்னொரு தடவை படிங்க மாமா” என்றாள். முடிவுதான் பிடிக்கவில்லை. ஊரைக் காப்பாற்றிய ஃப்ரோடோவால் ஏன் அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை? முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்த டோல்கீன், 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரையும் இழந்துவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இதே மாதிரி வேற கதை இருக்கா?” என்றாள்.

இறந்தவர் திரும்பி வரும் கதை வேண்டாம் (இந்தக் கதையில் இறந்த மந்திரவாதி காண்டால்ஃப் திரும்பி வந்ததற்கே கோபம்!). எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ என்ற மாயக் கதை கையில் இருக்கிறது. இந்த வயதுக்குக் கனமாக இருக்குமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.