மறு: சைக்கிள் சக்கரத்தின் ‘ரிம்’முக்குச் சொல்: விளிம்பா, நேமியா, வட்டையா?

> விளிம்பு என்ற எளிய சொல் இருக்க, வேறெதற்கு? (குன்னூர்)

ஐயா, சைக்கிள் பழுதுபார்ப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. விளிம்பு நல்ல சொல்தான். ஆனால் ரிம்முக்கே விளிம்பு ஒன்று இருக்கிறதே, டயர் கவ்வி உட்காருவது அதில்தானே! கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 30 கி.மீ.க்கு மேல் இறக்கம். மழையில் சாலை மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மின் இரு பக்கங்களையும் அராவிவிடும். பக்கம் குழிந்து, தகடு மெலிந்து, ஒருநாள் டயர்க் காற்றின் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். பிள்ளைகள் விரல் ஓட்டிப் பார்க்கவேண்டிய இடம் அதுதான். ‘விளிம்பின் விளிம்பைத் தடவிப் பார்’ என்றா எழுதுவது?

நடுவில் குடம் (ஹப்), அதிலிருந்து ஆரக்கால் (ஸ்போக்), சுற்றி வட்டை என்று வண்டித் தச்சர் வழக்கிலேயே எல்லாம் இருக்கிறது. ரிம் வட்டை, அதன் பக்கம் கன்னம். ‘கன்னம் ஒட்டிப்போன வட்டையை மாற்று’ என்றால் யாருக்குப் புரியாது? தேய்மானம் காட்ட, சில அலுமினிய வட்டைகளின் கன்னத்தில் மெல்லிய பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்தால் வட்டையின் ஆயுள் முடிந்தது. அதற்குத் ‘தேய்கோடு’. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

> ‘ஆரஞ் சூழ்ந்த அயில்வாய் நேமி’ என்று சிறுபாணாற்றுப்படையே சொல்கிறதே? (உதகை)

அம்மா, அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் நேமி முழுச் சக்கரத்தையும் குறிக்கும். திருமால் நேமியான் ஆனது அப்படித்தானே. கடைக்குப் போகும் பிள்ளை முழுச் சக்கரம் வாங்கி வரக்கூடாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அளவு. பழைய ரோட்ஸ்டர் என்ற கனமான சைக்கிளின் சக்கரத்துக்கும் 28 அங்குலம் என்பார்கள், 700சி என்ற இன்னொரு சக்கர அளவுக்கும் 28 என்பார்கள். டயர் அமருமிடத்தின் விட்டமோ முன்னதில் 635 மி.மீ., பின்னதில் 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. இதற்கு ‘அமர்விட்டம்’ என்று வைத்திருக்கிறேன். ஆரக்கால் துளைகளின் கணக்கும் பொருந்தவேண்டும். ரோட்ஸ்டரில் முன்னே 32, பின்னே 40. நம் மழைக்கு எஃகு வட்டை வேண்டாம், நனைந்தால் பிரேக் பிடிக்காது. அலுமினியமே நல்லது.

கோத்தகிரி

---

தம்பி, கன்னம் என்றால் திருடன் சுவரில் போடும் ஓட்டையும்தான். கன்னம் விழுந்த வட்டை என்று யாராவது படித்துவிட்டால்? கதுப்பு என்று வையுங்கள். நேமியை நான் விடுவதாக இல்லை.

உதகை

---

கதுப்பு கூந்தலையும் குறிக்குமே அம்மா! கன்னமே இருக்கட்டும்.

குன்னூர்

---

எங்கள் கடையில் யார் வந்தாலும் ரிம் என்றுதான் கேட்கிறார்கள். வட்டை போடுங்கள், ஆனால் முதல் பக்கத்திலாவது அடைப்புக்குறிக்குள் ரிம் இருக்கட்டும். அமர்விட்டம் ரொம்பச் சரி, அந்த எண் டயரிலேயே அச்சாகி வருகிறது.

கூடலூர்

---

சரி. வட்டை (ரிம்), கன்னம், தேய்கோடு, அமர்விட்டம். இப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்.

கோத்தகிரி

---

அனுப்புங்கள். என் மறுப்பையும் பதிந்து வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு மேற்கோள்களோடு வருகிறேன்.

உதகை