மணவாளக்குறிச்சியில் மண் இருக்கும்போது காந்தம் ஏன் சீனாவிலிருந்து வர வேண்டும்?

களியக்காவிளை வண்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். செக்போஸ்ட் பக்கத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், இப்போது மின்சார ஸ்கூட்டரும் நிறைய வருகிறது. போன வருஷம் ஒரு வண்டிக்கு மோட்டார் மாற்ற வேண்டியிருந்தது. ஸ்பேர் கேட்டால், சீனாக்காரன் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறான், வந்தால்தான் உண்டு என்று டீலர் கையை விரித்துவிட்டார், வண்டி கொடுத்தவர் என்னை ஏசுகிறார். கழற்றிய மோட்டாரைத் திறந்து பார்த்தேன், உள்வட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் காந்தத் துண்டுகள், பக்கத்தில் கொண்டுபோன ஸ்பேனர் போய் ஒட்டிக்கொண்டு இரண்டு கையால் இழுத்தும் லேசில் வரவில்லை. இதற்கு வேண்டிய அரிய மண் தாது நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இருக்கிறது, கேரளத்துச் சவறாவில் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். மண்ணை இங்கே வைத்துக்கொண்டு காந்தத்துக்கு ஏன் அவனிடம் போய் நிற்கிறோம்? கட்சிச் சண்டை வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலுவா பழைய ஆள்:
தம்பி, மண்ணுக்கும் காந்தத்துக்கும் நடுவில் நாலைந்து தொழிற்சாலை வேண்டும், நாம் கோட்டைவிட்டது அங்கேதான். கருமணலில் பெரும்பகுதி இல்மனைட்டும் கார்னெட்டும், அரிய மண் தனிமங்கள் இருப்பது மோனசைட் என்கிற தாதுவில், அது கொஞ்சம்தான். (1909-இல் ஜெர்மன்காரர் ஷோம்பெர்க் நம் மணலில் அது இருப்பதைக் கண்டுபிடித்ததே இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான்.) மோனசைட்டோடு தோரியம் என்கிற அணுசக்திப் பொருளும் சேர்ந்தே வரும், ஆகவே அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கேரளத்து ஆலுவாவில் 1952-லேயே மோனசைட்டைப் பதப்படுத்துகிற ஆலை வந்துவிட்டது என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை.

கஷ்டமெல்லாம் பிரித்தெடுப்பதில்தான். ஒரே முகஜாடையுள்ள அண்ணன் தம்பி பதினைந்து பேரை இருட்டில் தனித்தனியாக நிறுத்துகிற வேலை அது. அமிலம், கரைப்பான் என்று தொட்டிக்குத் தொட்டி மாற்றி நூற்றுக்கணக்கான தடவை கலக்கிப் பிரித்தால்தான், இந்தக் காந்தத்துக்கு முக்கியமான நியோடிமியம் தனியாக வரும். சீனா இதைப் பல வருஷம் அரசாங்க ஆதரவோடு, மாசைப் பற்றிக் கவலைப்படாமல் செய்தது. பாவ்டோ ஊர்ப்பக்கம் கழிவு ஏரியே இருக்கிறது. இன்றைக்கு உலகச் சுத்திகரிப்பிலும் காந்தத்திலும் ஏறக்குறைய 90 சதவீதம் அவர்கள் கையில். அமெரிக்காவைச் சும்மா சொல்லக்கூடாது, இந்தக் காந்தத்தை முதலில் உருவாக்கியவர்களில் ஜெனரல் மோட்டார்ஸும் ஒன்று. அதன் மேக்னக்வென்ச் கம்பெனியை 1995-இல் சீனப் பங்கு உள்ள கூட்டத்துக்கு விற்றார்கள், சில வருஷத்தில் உற்பத்தியும் அங்கேயே போய்விட்டது.

பாறசாலை பார்ட்ஸ்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. நம் மோனசைட்டில் நியோடிமியம் மாதிரி இலகு ரகம்தான் அதிகம். மோட்டார் சூடேறினாலும் காந்தம் பலம் இழக்காமல் இருக்கச் சேர்க்கிற டிஸ்ப்ரோசியம், டெர்பியம் இரண்டும் பெயருக்குத்தான் இருக்கிறது. ஏப்ரல் 2025-இல் சீனா ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசன்ஸ் போட்டதே, அதில் இவை இரண்டும் உண்டு. ஏற்றுமதியைத் தடை செய்யவில்லை, கவனியுங்கள். விண்ணப்பம் போடு, யாருக்கு, எதற்கு என்று எழுதிக்கொடு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது, இங்கே பஜாஜ் ஆட்டோ ஆகஸ்டில் மின்சார வண்டி உற்பத்தியே நடக்காமல் போகலாம் என்று சொன்னது. முழு மோட்டாராகவே இறக்கிவிடலாமா என்றுகூடக் கம்பெனிகள் யோசித்தன.

சீனா மட்டும் அயோக்கியன் என்று சொல்லவும் வரமாட்டேன். 2022 அக்டோபரில் சீனாவுக்குப் போகிற உயர்ரக கம்ப்யூட்டர் சிப்புக்குப் பூட்டுப் போட்டது அமெரிக்கா. அடுத்த வருஷமே ஹுவாவே உள்நாட்டு 7 நானோமீட்டர் சிப்போடு ஃபோன் விட்டது, அதே வருஷம் சிப் செய்யப் பயன்படுகிற காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குச் சீனா லைசன்ஸ் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கினார்கள், தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷியும் சந்தித்த பிறகு அந்தப் புதுசை மட்டும் ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள், ஏப்ரல் லைசன்ஸ் அப்படியே இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் பேரம் பேசுகிறார்கள், களியக்காவிளையில் வண்டி நிற்கிறது.

இனையம் கடற்கரை:
எல்லாரும் மண், மண் என்கிறீர்கள், அந்த மண்ணின் மேல்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேர் தோண்டத் திட்டம் போட்டார்களே, ஊர் ஊராக எதிர்த்தோமே, மறந்துவிட்டதா? ஏற்கெனவே அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவு கேட்டு ஒவ்வொரு ஆனி, ஆடிக்கும் ரோட்டில் உட்கார்கிறோம், கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்தக் கனத்த மணலையும் அள்ளிவிட்டால் அலையை எது தாங்கும்? சீனாவில் கழிவு ஏரி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இங்கே அது எந்த ஊரில் வரும் என்று யாராவது சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

களியக்காவிளை வண்டிக்காரன்:
நியாயமான கேள்விதான். ஆனால் மத்திய அரசு காந்தத்துக்கு 7,280 கோடி ஒதுக்கியதாகப் படித்தேனே, அது இந்த மண்ணை நம்பியா?

ஆலுவா பழைய ஆள்:
பணம் ஒதுக்கியது உண்மைதான், 2025 நவம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது, வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் என்பது கணக்கு. விசாகப்பட்டினத்தில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் நடத்துகிற காந்த ஆலையின் அளவு வருஷத்துக்கு 3 டன், அதுவும் சமாரியம் கோபால்ட் என்கிற வேறு ரகக் காந்தம், உன் ஸ்கூட்டருக்கு ஆகாது. பணம் போட்டால் கட்டடமும் இயந்திரமும் வந்துவிடும். பிரித்தெடுக்கிற, காந்தம் செய்கிற தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கக்கூடாது என்று சீனா 2023 டிசம்பரிலேயே சட்டம் போட்டுவிட்டது, ஆகவே ஜப்பான்காரனிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் நாமே தட்டுத்தடுமாறிப் படிக்க வேண்டும். இனையம் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, திட்டம் போடுகிறவர்கள் முதலில் அதைச் சொல்லட்டும்.

பாறசாலை பார்ட்ஸ்:
வண்டிக்கார அண்ணே, அந்த மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, போயிருந்தால் காந்தம் நன்றாகவே இருக்கும், சுற்றிக் கொடுக்கிற ஆள் நெய்யாற்றின்கரையில் இருக்கிறார். அரிய மண் இல்லாத ஃபெரைட் காந்த மோட்டாரும் சந்தைக்கு வருகிறது, எடை கூடும், ஆனால் அதற்குச் சீன லைசன்ஸ் வேண்டாம்.