1.6 லட்சம் கி.மீ. ஓடிய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4 கார் வாங்கலாமா?

கேள்வி (இந்திராநகர், பெங்களூரு):
3.0 லிட்டர் டீசல் டிஸ்கவரி 4 ஒண்ணு பார்த்திருக்கேன். ராத்திரி நிறுத்தினா காலையில முன் இடது மூலை மட்டும் இறங்கியிருக்கு. "கம்ப்ரசர்தான் சார்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில் 1:
நம்பாதீங்க சார். இந்த வண்டி ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பைகள் மேல நிக்குது; அதுக்குக் காத்து அடிக்கிற பம்ப்தான் கம்ப்ரசர். அது போனா வண்டி மேலே ஏறாது. ஒரு மூலை மட்டும் இறங்குதுன்னா அங்கே காத்து கசியுது. சோப்புத் தண்ணியை ஸ்ட்ரட்டோட (சக்கரத்துக்கிட்ட காத்துப் பை இருக்கிற தூண்) ரப்பர் மடிப்பிலும், மேலே பைப் சேர்ற இடத்திலும் தெளிங்க. குமிழி வரலைன்னா ஒவ்வொரு மூலைக்கும் காத்தைப் பிரிச்சு விடுற வால்வு பிளாக்கைப் பாருங்க. ஜாக் ஸ்டாண்ட் (வண்டியைத் தாங்குற இரும்புத் தாங்கி) போடாம அடியில போகவே கூடாது. கசிவை அடைக்காம புது கம்ப்ரசர் போட்டா, ஓயாம ஓடி அதுவும் எரியும். கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே சுவிட்சும் புதுசா போடுங்க. அது ஒட்டிக்கிட்டா கம்ப்ரசர் நிக்காது.

பதில் 2:
அதெல்லாம் செலவோட போயிடும். எனக்குப் பயம் எஞ்சினுக்குள்ள சுத்துற தண்டைத் தாங்குற கிராங்க் பேரிங்தான். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரிச்சு வெயில்ல பாருங்க. உலோகத் துகள் மினுங்கினா வண்டியை விட்டுடுங்க. டைமிங் பெல்ட் மாத்தின பில்லில் பின்பக்க ஃபியூல் பம்ப் பெல்ட்டும் இருக்கணும்.

பதில் 3:
கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் வரும்னு சொல்வாங்க. தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000–1,20,000 கி.மீ.க்குள் மாத்தச் சொல்லுது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போட (அடியில இருக்கிற ஆயில் தட்டு) சேர்ந்தது, மொத்தமா மாத்தணும். எஞ்சின் ஓடணும், ஆயில் 30–50 டிகிரியில இருக்கணும். அப்பதான் அளவு பார்க்கணும்.