வெப்பக் கேமராவில் சதுரங்கக் கட்டம் விழுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 32-க்கு 24 புள்ளிகள் கொண்ட தெர்மோபைல் சென்சாரை (தொடாமலே வெப்பக் கதிரை அளப்பது) ஈஎஸ்பி32 என்ற சிறிய கணினி போர்டோடு இணைத்து ஒரு வெப்பக் கேமரா செய்திருக்கிறேன். மொத்தமே 768 புள்ளிதான். ஆனாலும் சுவரில் கையை வைத்து எடுத்தால், கை விட்டுப்போன சூடு விரல் விரலாகத் திரையில் தெரிகிறது. சின்னப் பிள்ளை மாதிரி பத்துத் தடவை வைத்து வைத்துப் பார்த்தேன்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். நொடிக்கு 2 படம் என்றால் சுத்தமாக வருகிறது. 16-க்கு ஏற்றினால் படம் முழுக்கச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் விழுகிறது. சென்சார் கறுப்புக் கட்டங்களை ஒரு முறை, வெள்ளைக் கட்டங்களை அடுத்த முறை என்று மாற்றி மாற்றிப் படிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முந்தைய படங்களோடு சராசரி எடுத்தேன். கட்டம் மங்கியது, ஆனால் கை அசைந்தால் வால் இழுக்கிறது. இந்தக் கட்டத்தை நீக்கும் நல்ல வடிகட்டி (ஃபில்டர்) கோட் யாராவது எழுதியிருக்கிறீர்களா?

அப்புறம், ஆன் செய்த சில நிமிடங்களுக்கு வெப்பநிலை மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. போர்டின் சூடு சென்சாரைத் தொடுகிறதோ என்று சந்தேகம். மைக்ரோபோலோமீட்டர் என்ற வேறு வகை சென்சார் உள்ள வெப்பக் கேமராக்களில் அவ்வப்போது ‘டிக்’ என்று ஷட்டர் விழுந்து புள்ளிகளைச் சமன் செய்துகொள்ளும். எனக்கு அந்த வசதி இல்லை. சீரான சூடுள்ள கறுப்புத் தகட்டைக் காட்டித் திருத்தினால் போதுமா?

(பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சோதிக்காதீர்கள். பாத்திரம் ஆறிப்போனதாகக் காட்டி ஒரு மணி நேரம் ஏமாற்றியது. பளபளப்பு கண்ணாடி போல வெப்பத்தைப் பிரதிபலித்ததால், அதில் தெரிந்த சூடான திட்டு என் முகம்! கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியதும்தான் உருப்படியான அளவு வந்தது.)

கோட் வேண்டுமென்றால் கீழே போடுகிறேன்.